மாரடைப்புக்குப் பின் முதல் வாரம்: அன்றும் இன்றும்

1970களில் மாதவரத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், முதலில் வண்டி தேட வேண்டும். பால்பண்ணையும் மாட்டுக் கொட்டகைகளும் ஏரியுமாக இருந்த ஊர் அது. சென்னை மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே கிடந்தது. டாக்சி கிடைத்தால் டாக்சி, இல்லையென்றால் தெரிந்தவரின் லாரி, அதுவும் இல்லையென்றால் சோடாவைக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பார்கள். ஜி.என்.டி. சாலையில் மூலக்கடை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் என்று கடந்து ஸ்டான்லிக்குப் போய்ச் சேர வேண்டும். வடசென்னையின் பெரியவர்கள் அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழிவந்த மருத்துவமனை என்பதால் வந்த பெயர்.

இன்று மாதவரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2011இல் சேர்த்தார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. 2008 செப்டம்பர் முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஸ்டான்லிக்கு உள்ள தொலைவு மட்டும் அப்படியே, ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்.

வழியில் ஆன மாற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அவ்வளவாகத் தெரியாத மாற்றம் ஒன்று, நோயாளி கட்டிலில் படுத்த பிறகு நடந்திருக்கிறது. மாரடைப்பில் பிழைத்தவர் அடுத்த பத்து ஆண்டுகளை எப்படி வாழ்வார், மாடிப்படி ஏறுவாரா, இரவில் மல்லாந்து படுத்துத் தூங்குவாரா என்பதையெல்லாம் பெருமளவுக்கு முதல் ஒரு வாரமே தீர்மானிக்கிறது. அந்த வாரத்தில் உடலின் ஹார்மோன்களை என்ன செய்வது என்று மருத்துவம் கற்றுக்கொண்டது கடந்த நாற்பது ஆண்டுகளில்தான்.

அன்றைய முதல் வாரம் என்றால் ஓய்வு. 1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதயக் குழாயில் ரத்தம் உறைந்தாலும் மனிதர் பிழைத்திருக்க முடியும் என்று விளக்கினார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள், பிழைத்தவரை ஆறு வாரம் வரை கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தார்கள். சோறுகூட ஊட்டித்தான் விடுவார்கள். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்தது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான காரியம். மருந்து என்று பார்த்தால் வலிக்கு மார்ஃபின் அல்லது பெத்திடின், மூக்கில் ஆக்சிஜன், நாக்கின் அடியில் ஒரு மாத்திரை. பிறகு கால் வீங்கினால் லாசிக்ஸ், மூச்சு வாங்கினால் டிஜாக்சின். வீங்கிய பிறகு, வாங்கிய பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும். இதயம் களைத்துப்போனது வெளியே தெரிந்த பின்னரே சிகிச்சை தொடங்கியது.

1960களில் இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. அதற்கு முன் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்து, தாளம் தவறிய நொடியில் மின்அதிர்ச்சி கொடுத்த அந்தப் பிரிவுகள், இறப்பைப் பாதியாகக் குறைத்தன. ஆனால் செத்துப்போன தசையை அவற்றால் மீட்க முடியவில்லை. முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது பலவீனமான இதயத்தோடு வீட்டுக்குப் போனார்கள். ஓரிரு ஆண்டுகளில் அவர்களுக்குக் கால் வீங்கியது. தலையணையை இரண்டாக, மூன்றாக அடுக்கிப் படுத்தார்கள். ‘இதயம் வீங்கிவிட்டது’ என்று வீட்டாரிடம் சொல்லப்பட்டது.

மாதவரத்துக்கு மிக அருகே, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், 1975இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்தார். வடசென்னை பெருமைப்பட வேண்டிய நாள் அது. ஆனாலும் லாரி ஓட்டியவர்களுக்கும் மாடு வளர்த்தவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஏழைக்கு எட்டியது படுக்கையும் ஓய்வும்தான்.

இதயம் ஏன் பிறகு வீங்குகிறது என்ற கேள்விக்கு வந்த விடைதான் இந்தக் கதையின் மையம். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி சாகிறது. இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகம் இதை உணர்ந்து, உடலில் எங்கோ ரத்தம் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. உடனே ரெனின் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின் உருவாகி ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பி ஆல்டோஸ்டிரோனைச் சுரந்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. வெட்டுக்காயத்திலும் வயிற்றுப்போக்கிலும் உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடுகள்தான் இவை. மாரடைப்பில் மட்டும் இவை எதிராகத் திரும்புகின்றன. சுமை கூடக்கூட, செத்த தசைப்பகுதி மெலிந்து, தேய்ந்த சைக்கிள் டியூப் ஒரு பக்கம் புடைப்பதுபோலப் புடைக்கிறது. மிஞ்சிய நல்ல தசையும் மெல்ல இழுபட்டு, நார்படிந்து, வலுவிழக்கிறது. இவ்வளவும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. வெளியே தெரிய மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன.

இதற்கு இரண்டு வழிகளில் முயன்றார்கள். ஒன்று, நல்லது செய்யும் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது. மற்றொன்று, கெடுதல் செய்யும் ஹார்மோனின் கையைக் கட்டுவது.

முதல் வழியில் மூத்த முயற்சி இன்சுலின். 1962இல் மெக்சிகோவின் சோடி பயாரெஸ், குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து மாரடைப்பு நோயாளிக்கு நரம்பில் ஏற்றினார். மூச்சுமுட்டும் தசைக்கு எளிதில் எரியும் சர்க்கரையை ஊட்டினால் அது பிழைத்துக்கொள்ளும் என்பது எண்ணம். அக்காலத்தில் இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. விலை மலிவு, எந்தச் சிறிய மருத்துவமனையிலும் ஏற்றலாம் என்பதால், ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது என்று பலரும் எண்ணினார்கள். 1998 முதல் 2004 வரை இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளின் 470 மையங்களில் 20,201 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 30 நாட்களில் கலவை ஏற்றப்பட்டவர்களில் 10.0 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏற்றப்படாதவர்களில் 9.7 சதவீதம். இதயச் செயலிழப்பும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நாற்பது ஆண்டுக் கனவு 2005இல் அந்த எண்களோடு முடிந்தது. அதை நான் வீண் முயற்சி என்று சொல்லமாட்டேன். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், பயனற்ற ஒரு பாட்டிலை நம் ஊர் ஏழைகளின் கையில் இன்றும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

மற்ற ஹார்மோன்களும் முயன்று பார்க்கப்பட்டன. இதயமே சுரக்கும் ஒரு ஹார்மோனை 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் கண்டறிந்தார். உப்பை வெளியேற்றி, குழாய்களைத் தளர்த்தி, ஆல்டோஸ்டிரோனுக்கு நேரெதிராக வேலை செய்வது அது. ஜப்பானில் 569 பேருக்கு மாரடைப்பு வந்ததும் மூன்று நாள் அதை ஏற்றிப் பார்த்தபோது, சேதமடைந்த தசையின் அளவு 14.7 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான அந்த முடிவு நம்பிக்கையூட்டியது என்றாலும் உலகெங்கும் நடைமுறைக்கு வரும் அளவுக்கு வலுப்பெறவில்லை. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டினையும் கொடுத்தார்கள்; எலிகளில் அருமையாக வேலை செய்த அது மனிதரில் பயன் தரவில்லை, ஓர் ஆய்வில் தீங்கும் கூடியது. தைராய்டு ஹார்மோன் முயற்சிகள் சிறிய ஆய்வுகளோடு நிற்கின்றன.

வென்றது இரண்டாவது வழி. அது தொடங்கியது பிரேசில் காட்டில். அங்குள்ள ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். அந்த நஞ்சில் 1960களில் செர்ஜியோ ஃபெரைரா கண்ட பொருளை வழிகாட்டியாக வைத்து, ஆஞ்சியோடென்சின் உருவாவதையே தடுக்கும் கேப்டோப்ரில் மாத்திரையைச் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. மார்க் ஃபெஃபரும் ஜானிஸ் ஃபெஃபரும் எலிகளின் இதயக் குழாயைக் கட்டிவிட்டு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கிடைத்த எலிகளின் இதயம் அவ்வளவாகப் புடைக்கவில்லை.

1992இல் மனிதரில் முடிவு தெரிந்தது. மாரடைப்பு வந்து 3 முதல் 16 நாட்களுக்குள், இதயத்தின் பம்பிங் குறைந்திருந்த 2,231 பேரில் பாதிப் பேருக்குக் கேப்டோப்ரில் கொடுத்தார்கள். மருந்தில்லாதவர்களில் 25 சதவீதம் பேரும் மருந்து எடுத்தவர்களில் 20 சதவீதம் பேரும் மூன்றரை ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே வகையைச் சேர்ந்த ராமிப்ரிலின் ஆய்வில் இறப்பு 23 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. இன்னும் சீக்கிரம் கொடுத்தால் என்ன என்று 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிப் பார்த்தார்கள். இதே வகை மருந்தை நரம்பு வழியாக வேகமாக ஏற்றிய ஓர் ஆய்வைப் பலனில்லை என்று பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. மாத்திரையாக, சிறிய அளவில், ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுத்த 58,050 பேரின் ஆய்வில், முதல் ஐந்து வாரங்களில் ஆயிரம் பேருக்கு ஐந்து உயிர் கூடுதலாகத் தப்பியது. சீக்கிரமும் வேண்டும், நிதானமும் வேண்டும் என்று இதய மருத்துவர்கள் அப்போது கற்றார்கள். இன்றைக்கும் இரண்டாம் நாள் காலையில் பணிக்கு வரும் இளம் மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்த பிறகே ராமிப்ரிலைத் தொடங்குவது அதனால்தான்.

ஆல்டோஸ்டிரோனைக் கண்டுபிடித்தது 1953இல். அதன் வாயை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை நீண்ட காலம் வெறும் நீர் மாத்திரையாகவே கருதப்பட்டது. 1999இல்தான் அது கடுமையான இதயச் செயலிழப்பில் இறப்பை 30 சதவீதம் குறைக்கிறது என்று தெரிந்தது. 2003இல் அதன் இளைய உறவான எப்லரினோனை, மாரடைப்புக்குப் பின் 3 முதல் 14 நாட்களுக்குள் பம்பிங் குறைந்த 6,632 பேரிடம் சோதித்தபோது இறப்பு 16.7 சதவீதத்திலிருந்து 14.4 ஆனது. அப்படியானால் மாரடைப்பு வந்த எல்லோருக்குமே கொடுத்துவிடலாமே? அதையும் கேட்டார்கள். 2024இல் வெளியான 7,062 பேரின் ஆய்வு, எல்லோருக்கும் கொடுப்பதால் முக்கியப் பலன் இல்லை என்றது. எனவே எக்கோவில் பம்பிங் 40 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு என்று வந்தவருக்குத்தான் இது. அந்த ஒரு எண் தெரியாமல் வீட்டுக்குப் போவது, என் பார்வையில், பாதிச் சிகிச்சையோடு போவது.

இன்று மாதவரத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன நடக்க முடியும்? 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இ.சி.ஜி. படம் நோயாளிக்கு முன்பே மருத்துவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்கிறது. அடைப்பைக் கரைக்க ஊசி, திறக்க ஆஞ்சியோ, தாங்க ஸ்டென்ட். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலியோர் நடத்திய திட்டத்தில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. குழாயைச் சீக்கிரம் திறந்தால் சாகும் தசை குறையும். சாகும் தசை குறைந்தால் ஹார்மோன்களின் வெறியும் குறையும். இரண்டும் ஒரே போரின் இரண்டு முனைகள்.

ஆனாலும் நேரம் இன்னும் வீட்டிலேயே வீணாகிறது. 2008இல் வெளியான, 89 இந்திய மருத்துவமனைகளின் 20,468 நோயாளிகளைப் பற்றிய பதிவேட்டில், கடும் மாரடைப்பில் வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். உள்ளே வந்தபின் ஊசி போட ஆனது 50 நிமிடம்தான். நோயாளிகளின் சராசரி வயது 57. அதே பதிவேட்டில் ஏழைகள் 8.2 சதவீதமும் வசதியானவர்கள் 5.5 சதவீதமும் இறந்தார்கள். சிகிச்சை கிடைத்ததில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்தால் அந்த இடைவெளியும் பெருமளவு மறைந்தது. வாயு என்றும் அசிடிட்டி என்றும் சொல்லிக் கழியும் அந்த ஆறு மணி நேரம், 1970களில் வண்டி தேடிய நேரத்தைவிடக் குறைவு என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இழந்தது என்ன என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வாரம், ஆறு வாரம் என்று வார்டில் கிடந்த அன்றைய நோயாளிக்கு, மருத்துவர் தினமும் வந்து காலை அழுத்திப் பார்த்தார், நுரையீரலைக் கேட்டார், உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நர்சுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போகும்போது தனக்கு என்ன வந்தது என்பது அவருக்கு ஓரளவு விளங்கியிருந்தது. இன்றைய நோயாளி மூன்று, நான்கு நாட்களில் வீட்டில் இருக்கிறார். கையில் சுருட்டிய ஆஞ்சியோ அறிக்கை, ஏழெட்டு மாத்திரைகளின் பெயர். ‘அடைப்பு எடுத்தாச்சு, சரியாயிடுச்சு’ என்ற நினைப்பு. ஒரு மாதத்தில் லாரியிலோ கிடங்கிலோ வேலைக்குப் போய்விடுகிறார். அன்று மருந்து இல்லை, கவனிக்க நேரம் இருந்தது. இன்று மருந்து இருக்கிறது, அதை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை.

மருந்து நின்றுபோகும் விதங்களும் சாதாரணமானவை. ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அவர் மெடிக்கல் ஷாப்பில் இருமல் டானிக் வாங்குவார், அது கேட்காது, யாரோ சொல்லி ராமிப்ரிலை நிறுத்திவிடுவார். இருமல் தராத வால்சார்ட்டான் மாரடைப்புக்குப் பின் அதே அளவு காப்பாற்றும் என்று 2003லேயே தெரிந்துவிட்டது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பில் வீக்கமும் வலியும் தரும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் மாற்று எப்லரினோன் உண்டு. ராமிப்ரிலோடு இவற்றில் ஒன்று சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும், சிறுநீரகம் தளரக்கூடும். அதனால் தொடங்கிய சில நாட்களிலும், பிறகு முதல் மாதத்திலும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்தச் சோதனைக்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்பதால் அது தள்ளிப்போகிறது. இன்னொரு பக்கம் காசிமேட்டுக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும், ஆல்டோஸ்டிரோன் பிடித்து வைக்கக் காத்திருக்கும் உப்பை நாள்தோறும் உள்ளே அனுப்புகின்றன.

இதன் விளைவு திருவனந்தபுரத்தில் பதிவாகியிருக்கிறது. 2013இல் அங்கு இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. 72 சதவீதம் பேருக்குக் காரணம் இதயக் குழாய் நோய். ஐந்தாண்டில் 59 சதவீதம் பேர் இல்லை. தேவையான மருந்துகள் முழுமையாக எழுதித் தரப்பட்டவர்கள் சிறுபான்மையினரே. மாரடைப்பில் பிழைத்து, பிறகு மூச்சுமுட்டி வருகிறவர்கள் பலர் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள்.

விலை இன்று தடை இல்லை, அல்லது பெரிய தடை இல்லை. ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் நீண்ட நாட்களாக மலிவு. இதயச் செயலிழப்புக்கான புதிய மருந்துகளின் காப்புரிமை இந்தியாவில் ஒவ்வொன்றாக முடிந்து, விலை பல மடங்கு சரிந்திருக்கிறது. பக்கத்துக் கொளத்தூரில் 2025 பிப்ரவரியில் பெரியார் அரசு மருத்துவமனை திறந்திருக்கிறது. அதே மாதத்தில் முதல்வர் மருந்தகங்களும் தொடங்கின. 2021 முதல் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம், மாரடைப்பில் பிழைத்தவரின் பொட்டாசியம் சோதனையையும் வாசலிலேயே எடுக்க வேண்டும். கூலியை இழக்காமல் சோதனை நடக்க அதுவே வழி.

உங்கள் வீட்டில் யாராவது மாரடைப்பிலிருந்து மீண்டு டிஸ்சார்ஜ் ஆகிறார் என்றால், பில்லைக் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எக்கோவில் பம்பிங் எத்தனை சதவீதம், ராமிப்ரில் அல்லது அதற்கு இணையானது சீட்டில் இருக்கிறதா, பம்பிங் குறைவு என்றால் ஸ்பைரோனோலாக்டோன் உண்டா, முதல் ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில். நான்காவது கேள்விக்கான விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்த விடாதீர்கள். நெஞ்சு வலி மறுபடியும் வந்தால் சோடா வாங்க ஓடாமல் 108ஐ அழையுங்கள்.